எந்தக் குழாய், எவர் கையில்?

புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவார்கள். யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்பார்கள். நினைப்பவர் யாராக இருந்தாலும் குற்றம் நம் தொண்டையின் அமைப்பில்தான் இருக்கிறது. மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் அதற்கு நேர் பின்னால். மூக்கு வழியே வரும் காற்றும் வாய் வழியே வரும் சோறும் தொண்டையில் ஒன்றை ஒன்று குறுக்கே கடந்துதான் தத்தம் வழிக்குப் போக முடியும். விழுங்கும் ஒவ்வொரு பருக்கையும் மூச்சுக்குழாயின் வாசலைத் தாண்டிப் போகிறது என்பதை, 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் டார்வினே ஒரு விசித்திரமாகக் குறிப்பிட்டிருக்கிறார். விழித்திருக்கும்வரை கவலை இல்லை. குரல்வளை மூடி கவிந்துகொள்ளும், குரல்நாண்கள் இறுகும், அதையும் மீறி ஒரு பருக்கை நுழைந்தால் இருமல் அதை வெளியே தள்ளிவிடும். நினைவு தப்பினால் இந்தக் காவல் முழுக்க ஓய்ந்துவிடுகிறது. நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. வயிற்றில் இருப்பது மேலேறி வந்து, திறந்து கிடக்கும் நுரையீரல் வாசலைத் தேடுகிறது.

மூளைக்கு ஆக்ஸிஜன் நின்றால் நான்கைந்து நிமிடங்களில் சேதம் தொடங்கிவிடும். இதயம் நின்று கீழே விழுந்தவரிடம் ஆம்புலன்ஸில் வந்து சேரும் பாராமெடிக் தன் பையிலிருந்து எந்தக் கருவியை எடுக்க வேண்டும்? பல பத்தாண்டுகளாக இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடு, அதற்கு மேல் எதுவும் இல்லை. 2018க்குப் பிறகு அப்படி அடித்துச் சொல்ல யாரும் துணிவதில்லை.

ட்யூப் போடுவது, அதாவது இன்ட்யூபேஷன், பார்க்க எளிதான வேலை. அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் நின்று, குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் என்ற கருவியை இடக்கையில் பிடிக்கிறார். எழுதுவது எந்தக் கையால் என்றாலும் வழக்கமான லாரிங்கோஸ்கோப் இடக்கைக்கென்றே செய்யப்பட்டது. வளைந்த தகடு வாயின் வலது ஓரமாக நுழைந்து நாக்கை இடப்பக்கம் ஒதுக்குகிறது. நாக்கின் அடிப்பகுதிக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் உண்டு. தகட்டின் நுனி அங்கே போய் உட்கார வேண்டும். பிறகு நெம்பக் கூடாது. நெம்பினால் மேல்வரிசைப் பல் பெயர்ந்துவிடும். கைப்பிடி நீளும் திசையிலேயே முன்னும் மேலுமாகத் தூக்க வேண்டும். மூடி எழும்புகிறது. அதன் கீழே முத்து வெண்மையில் இரண்டு நாண்கள், நடுவில் ஒரு கறுப்பு முக்கோணம். ட்யூப் அந்தக் கறுப்புக்குள் போக வேண்டும். பெரியவர்களுக்கு 7 அல்லது 8 மி.மீ. உள்விட்டம் உள்ள ட்யூப். பல்வரிசையில் 21 முதல் 23 செ.மீ. வரையான குறி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் தள்ளினால் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டி, பெரும்பாலும் வலது நுரையீரலுக்குள் மட்டும் போய் நிற்கும். கடைசியாக நுனியருகே உள்ள பலூனை ஊதினால் ட்யூப் மூச்சுக்குழாயின் சுவரோடு பொருந்திக்கொள்ளும். காற்றுக்கு ஒரு தனிவழி கிடைத்துவிட்டது. வயிற்றிலிருந்து வருவது அதற்குள் நுழைவது கடினம்.

இந்தக் கறுப்பு முக்கோணத்தை உயிருள்ள மனிதரிடம் தெளிவாகப் பார்த்துப் பதிவு செய்தவர் மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார். ஸ்பெயினைச் சேர்ந்த மானுவல் கார்சியா 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே திருப்பி, தன் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அது கட்டுரையாக வந்தது. அவருடைய ஆர்வம் குரல் எப்படிப் பிறக்கிறது என்பதில்தான். 1895இல் பெர்லினில் ஆல்ஃபிரெட் கிர்ஷ்டைன் கண்ணாடி இல்லாமல் நேராகவே குரல்வளையைப் பார்க்கும் கருவியைச் செய்தார். இன்று உலகெங்கும் புழங்கும் வளைந்த தகடு 1943இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மெக்கின்டோஷ் வடிவமைத்தது. டான்சில் அறுவைக்காக வாயைத் திறந்து வைக்கும் கருவியைப் பொருத்தியபோது, எதிர்பாராமல் குரல்நாண்கள் பளிச்சென்று கண்ணில் பட்டன. அதிலிருந்து பிறந்தது அந்த வளைவு. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தகடு பெரிதாக மாறவில்லை.

அறுவை அரங்கின் இந்தக் கலை தெருவுக்கு எப்படி வந்தது என்பதற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தைப் பார்க்க வேண்டும். 1960களில் அங்கே ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் காவல்துறை வேன்தான். அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவார்கள். வழியில் சிகிச்சை என்று எதுவும் கிடையாது. வேறு பல ஊர்களில் சவ ஊர்தி வைத்திருப்பவர்களே ஆம்புலன்ஸும் ஓட்டினார்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுவழி திறக்கும் என்பதையும், வாயோடு வாய் வைத்து ஊதும் முறை வேலை செய்யும் என்பதையும் நிரூபித்த மயக்க மருத்துவர் பீட்டர் சஃபார் அந்த ஊரில் இருந்தார். 1967இல் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. நகரின் கறுப்பின மக்கள் வாழும் ஹில் பகுதியைச் சேர்ந்த, வேலை கிடைக்காதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களைப் பயிற்றுவித்து, அதுவரை மருத்துவர்கள் மட்டுமே செய்துவந்ததைச் சஃபார் அவர்களிடம் ஒப்படைத்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே ட்யூப் போட்ட முதல் பாராமெடிக்குகளில் அவர்கள் உண்டு. நகர நிர்வாகம் 1975இல் அந்தச் சேவையை மூடி, பெரும்பாலும் வெள்ளையர்களைக் கொண்ட தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது வேறு கதை. எழுதினால் இந்தக் கட்டுரை அளவுக்கு நீளும்.

ஆம்புலன்ஸ்காரர்களுக்கு இந்தத் திறமை கிடைத்தது. ஆனால் அறுவை அரங்கு கிடைக்கவில்லை. அரங்கில் நோயாளி இடுப்புயர மேசையில், வெறும் வயிற்றோடு, நல்ல வெளிச்சத்தில் படுத்திருப்பார். வெளியிலோ அவர் குளியலறைத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக் கிடப்பார், அல்லது நசுங்கிய காருக்குள் உட்கார்ந்திருப்பார். பாராமெடிக் தரையில் குப்புறப் படுத்துத்தான் அந்த முக்கோணத்தைத் தேட வேண்டியிருக்கும். நோயாளி அப்போதுதான் சாப்பிட்டிருப்பார். நெஞ்சை ஒருவர் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்க, ஒவ்வொரு அழுத்தலுக்கும் தலை ஆடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பழக்கம். மயக்கவியல் படிக்கும் இளம் மருத்துவர்களைக் கவனித்து 1998இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நூற்றுக்குத் தொண்ணூறு முறை ட்யூப் சரியாகப் போகும் நிலையை எட்ட ஒருவருக்குச் சராசரியாக 57 முயற்சிகள் தேவைப்பட்டன. அதுவும் அறுவை அரங்கில். பென்சில்வேனியா மாநிலத்தின் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் 2003ஆம் ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தபோது, நடுவரிசையில் இருந்தவர் அந்த வருடம் போட்ட ட்யூப்களின் எண்ணிக்கை ஒன்று. 39 விழுக்காட்டினர் ஒன்றுகூடப் போடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வீணை மீட்டுபவரை நாம் கச்சேரிக்கு அழைப்பதில்லை.

விளைவு என்ன என்பதை ஃப்ளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் 2001இல் ஓர் ஆய்வு போட்டு உடைத்தது. வெளியே ட்யூப் போடப்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட 108 பேரை வாசலிலேயே சோதித்தார்கள். 27 பேருக்கு ட்யூப் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதில் 18 பேருக்கு உணவுக்குழாயில். மற்ற ஒன்பது பேருக்கு நுனி குரல்நாண்களுக்கு மேலேயே நின்றுவிட்டது. நான்கில் ஒருவர். கொண்டுவந்தவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நம்பிக் கொண்டுவந்தார்கள். நம்பியதற்குக் காரணமும் உண்டு. வயிற்றுக்குள் காற்றை அழுத்தினாலும் நெஞ்சு எழுவதுபோல் தோன்றும். ட்யூபின் உட்புறத்தில் ஆவி படிவது உணவுக்குழாயில் இருக்கும்போதும் நடக்கும். சைரன் அலறும் வண்டியில் ஸ்டெதாஸ்கோப் வைத்து என்ன கேட்பது? போகாத ட்யூப் ஆபத்தானது அல்ல; போகவில்லை என்று தெரிந்தால் எடுத்துவிட்டு வேறு வழி பார்க்கலாம். போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ட்யூப்தான் ஆளைக் கொல்கிறது.

குழாயை மூச்சுக்குழாய்க்குள் விடாமல், வாசலிலேயே பொருத்திவிட்டால் என்ன? 1981இல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் என்ற மயக்க மருத்துவர் இப்படி யோசித்தார். பல் மருத்துவத்தில் மூக்கின் மேல் வைக்கும் ரப்பர் மாஸ்க் ஒன்றின் ஊதும் விளிம்பு, குரல்வளையைச் சுற்றிலும் உட்காரும் வடிவத்தில் இருப்பதைக் கவனித்தார். இறந்தவர்களின் தொண்டையில் அச்சு வார்த்து அளவெடுத்தார். மாஸ்கின் விளிம்பை ஒரு ட்யூபோடு ஒட்டிப் பார்த்தார். ஏழு ஆண்டுகளும் எண்ணற்ற மாதிரிகளும் கடந்து, 1988இல் லாரிஞ்ஜியல் மாஸ்க் விற்பனைக்கு வந்தது. லாரிங்கோஸ்கோப் வேண்டாம், முக்கோணத்தைத் தேட வேண்டாம். கையால் வழுக்கி உள்ளே தள்ளினால், தொண்டையின் அடியில் போய்த் தானாக நின்றுவிடும்.

அதன் வாரிசு 2007இல் வந்த ஐ-ஜெல். முஹம்மது நசீர் என்ற பிரிட்டிஷ் மயக்க மருத்துவரின் வடிவமைப்பு. பிரெய்னின் மாஸ்கில் ஊத வேண்டிய விளிம்பு இதில் இல்லை. மிருதுவான பாலிமர் ஒன்றையே குரல்வளையின் அச்சாக வார்த்திருக்கிறார்கள். கையில் எடுத்து அழுத்திப் பார்த்தால் ஒரு பெரிய ரப்பர் பொம்மையின் காதுமடல்போல் நெகிழ்கிறது. சுமார் 50 முதல் 90 கிலோ எடையுள்ளவருக்குப் பச்சை நிறக் குறி உள்ள 4ஆம் அளவு. அதற்குக் குறைந்தால் மஞ்சள், கூடினால் ஆரஞ்சு. பின்பக்கம் கொஞ்சம் ஜெல் தடவி, மேலண்ணத்தை ஒட்டியவாறே தள்ளி, தடை வரும் இடத்தில் நிறுத்தினால் வேலை முடிந்தது. வயிற்றில் உள்ளதை உறிஞ்சி எடுக்க ஓரத்தில் தனியாக ஒரு சிறு வழியும் உண்டு. கைதேர்ந்தவருக்குச் சில விநாடிகள் போதும். முக்கியமாக, நெஞ்சை அழுத்துவதை நிறுத்த வேண்டியதில்லை. குறையும் இருக்கிறது. இது வாசலில் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே பூட்டு இல்லை. வாந்தி வந்தால் முழுப் பாதுகாப்பு கிடையாது என்பதுதான் ட்யூப் ஆதரவாளர்களின் முதல் வாதம்.

இந்த வாசல் கருவிகளுக்கெல்லாம் மூத்ததும் எளியதும் நம்மூர் ஆஸ்பத்திரிகளில் எல்லோரும் ஆம்பு என்று சொல்லும் பை. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி மூச்சுத் தசைகள் செயலிழந்தபோது, பியோர்ன் இப்சன் என்ற மருத்துவரின் யோசனைப்படி சுமார் 1,500 மாணவர்கள் முறைபோட்டு, வாரக்கணக்கில் கையாலேயே பையை அழுத்தி நோயாளிகளை மூச்சுவிட வைத்தார்கள். அழுத்திவிட்டால் தானே உப்பிக்கொள்ளும் பையை அதே நாட்டின் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் ஹென்னிங் ரூபனும் 1956இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். தொண்டைக்குள் எதையும் நுழைக்காமல் முகத்தில் மாஸ்கை வைத்துப் பையை அழுத்துவது இலகுவான வேலை என்று தோன்றும். தாடி வைத்தவரிடமோ பல் இல்லாதவரிடமோ செய்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மாஸ்க் முகத்தில் பொருந்தாமல் பாதிக் காற்று வெளியே போகும். அவசரத்தில் வேகமாக அழுத்தினால் மீதி வயிற்றுக்குப் போகும். வயிறு உப்பினால் அடுத்து வருவது வாந்தி.

ஆக மூன்று வழிகள்: பை, ஐ-ஜெல் போன்ற வாசல் கருவி, ட்யூப். எது உயிரைக் காக்கிறது? பல வருடங்கள் இதற்கு நேர்மையான விடை கிடைக்காமல் போனதற்கு ஒரு சூட்சுமமான காரணம் இருக்கிறது. இதயம் நின்றவர்களில் சிலருக்கு முதல் மின்னதிர்ச்சியிலேயே துடிப்பு திரும்பிவிடும். அவர்களுக்கு எந்தக் குழாயும் தேவைப்படாது, பிழைக்கவும் வாய்ப்பு அதிகம். நீண்ட நேரம் போராடியும் தேறாதவர்களுக்குத்தான் கடைசியில் ட்யூப் வரும். பழைய பதிவேடுகளைப் புரட்டி எண்ணினால் ட்யூப் போட்டவர்கள் அதிகம் சாவதாகத் தெரியும். ட்யூப் சாகடிக்கவில்லை, சாகக் கிடந்தவர்களிடம் ட்யூப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்தப் பொறியைத் தவிர்க்க இங்கிலாந்தில் நோயாளிகளுக்குப் பதில் பாராமெடிக்குகளுக்கே சீட்டுக் குலுக்கினார்கள். நான்கு ஆம்புலன்ஸ் சேவைகளின் 1,523 பாராமெடிக்குகளில் ஏறக்குறைய பாதிப் பேர் முதலில் ட்யூபை முயல வேண்டும், மீதிப் பேர் ஐ-ஜெல்லை. 2015 முதல் 2017 வரை 9,296 நோயாளிகள். யார் முதலில் வந்து சேர்கிறாரோ அவரது அணியில் நோயாளி. ‘ஏர்வேஸ்-2’ என்ற இந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. நல்ல நிலையில் பிழைத்தவர்கள் ஐ-ஜெல் அணியில் 6.4 விழுக்காடு, ட்யூப் அணியில் 6.8. வித்தியாசம் இல்லை என்றுதான் பொருள். இரண்டு முயற்சிக்குள் காற்று சரியாக உள்ளே போனது ஐ-ஜெல்லில் 87.4 விழுக்காடு, ட்யூபில் 79. வாந்தி வாதம் என்ன ஆனது? வயிற்றில் இருந்தது மேலே வந்தது ஐ-ஜெல் அணியில் 26.1 விழுக்காட்டினருக்கு, ட்யூப் அணியில் 24.5. ஏறத்தாழ சமம்.

அதே நேரத்தில் அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வு ட்யூபை லாரிஞ்ஜியல் ட்யூபோடு ஒப்பிட்டது. பெயர் குழப்பினாலும் இதுவும் வாசல் கருவிதான். கண்ணை மூடிக்கொண்டு உணவுக்குழாய் வாசல்வரை தள்ளலாம். இரண்டு பலூன்கள் மேலும் கீழும் அடைக்க, நடுவில் உள்ள துளை வழியே காற்று வேறு வழியில்லாமல் குரல்வளைக்குள் போகும். 3,004 பேரில் 72 மணி நேரம் பிழைத்திருந்தவர்கள் லாரிஞ்ஜியல் ட்யூபில் 18.3 விழுக்காடு, வழக்கமான ட்யூபில் 15.4. தொடக்க முயற்சி பலித்த விகிதம்தான் தூக்கிவாரிப் போட்டது: லாரிஞ்ஜியல் ட்யூபில் 90.3, வழக்கமான ட்யூபில் 51.6. பாதிக்குப் பாதி.

மூன்றாவது ஆய்வு பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும். அங்கே ஆம்புலன்ஸில் மருத்துவரே வருவார். ட்யூபுக்கு எதிராக வெறும் பையை நிறுத்திய அந்த ஆய்வில் 28ஆம் நாள் மூளை நல்ல நிலையில் பிழைத்தவர்கள் 4.2க்கு 4.3, ஏறக்குறைய ஒரே எண். ஆனால் வாந்தி பைப் பக்கம் 15.2 விழுக்காடு, ட்யூப் பக்கம் 7.5. காற்றைச் செலுத்த முடியாமல் போனதும் பைப் பக்கம்தான் அதிகம்: 6.7க்கு 2.1. மருத்துவர்கள் கையில் ட்யூப் அமெரிக்காவில் கண்டதுபோல் சறுக்கவில்லை. மூன்று ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குப் புலப்படுவது, அவை கருவிகளை மட்டும் ஒப்பிடவில்லை, கைகளையும் ஒப்பிட்டன.

இதற்கு இன்னும் கூர்மையான சாட்சி பூஜி என்ற ஒரு சாதாரணக் கம்பி. அறுபது, எழுபது செ.மீ. நீளம், நுனி சற்றே வளைந்தது, விலையும் மலிவு. குரல்நாண்கள் சரியாகத் தெரியாதபோது இதை முதலில் உள்ளே விட்டு, அதன் மேல் ட்யூபை வழுக்கி இறக்குவார்கள். மூச்சுக்குழாயின் முன்சுவர் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது. பூஜியின் நுனி அவற்றின் மேல் உரசிப் போகும்போது ஒவ்வொரு வளையமும் விரலில் ‘டக், டக்’ என்று தட்டும். உணவுக்குழாய்க்கு வளையம் கிடையாது; கம்பி வழுவழுவென்று போய்க்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லிவிடுகிறது. 2018இல் மினியாபொலிஸ் நகரில் பூஜியை அன்றாடம் பயன்படுத்தும் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் முயற்சியிலேயே ட்யூப் போனது பூஜியோடு 98 விழுக்காடு, ட்யூபுக்குள் வைக்கும் வழக்கமான வளைகம்பியோடு 87. உலகமே பூஜி வாங்கக் கிளம்பியது. 2021இல் பல ஆஸ்பத்திரிகளில் 1,102 பேரிடம் திரும்பச் செய்து பார்த்தார்கள்: பூஜி 80.4, வளைகம்பி 83. கம்பி மாறவில்லை.

வீடியோ லாரிங்கோஸ்கோப் அப்படியில்லை. அது உண்மையிலேயே வித்தியாசத்தைக் காட்டியிருக்கிறது. தகட்டின் நுனியில் ஒரு சிறு கேமரா, கைப்பிடியிலோ பக்கத்திலோ ஒரு திரை. 2001 வாக்கில் கனடாவின் அறுவை மருத்துவர் ஜான் பேசி உருவாக்கிய கிளைட்ஸ்கோப் இந்த வகையின் முன்னோடி. கண்ணும் குரல்வளையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டிய கட்டாயம் போய்விட்டது. 2023இல் அமெரிக்காவின் அவசர, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,417 பேரிடம் நடந்த ஆய்வில் முதல் முயற்சி பலித்தது வீடியோவோடு 85.1 விழுக்காடு, நேர்ப்பார்வையில் 70.8. பலன் இவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். ஆனால் இது ஆஸ்பத்திரி எண். தெருவில் நண்பகல் வெயிலில் திரை கண்ணாடிபோல் பாராமெடிக்கின் முகத்தையே காட்டும். ஒரு சொட்டு ரத்தம் கேமராவில் பட்டால் திரை முழுக்கச் சிவப்பு. அதிக வளைவுள்ள தகடுகளில் இன்னொரு வேடிக்கை: குரல்நாண்கள் திரையில் அழகாகத் தெரியும், ட்யூப் மட்டும் அந்த மூலையைத் திரும்ப மறுக்கும். பார்க்கத் தெரிந்ததெல்லாம் நுழைக்கத் தெரிந்ததாகாது.

ரத்தத்துக்கும் வாந்திக்கும் வழி சொன்னவர் அமெரிக்க மயக்க மருத்துவர் ஜிம் டுகான்ட்டோ. சக்‌ஷன் குழாயை வேலை முடியும்வரை வெளியே எடுக்காதே என்பது அவர் முறை: உறிஞ்சிக்கொண்டே முன்னால் போ, பிறகு அதை உணவுக்குழாய் வாயில் விட்டுவிட்டு ட்யூபைப் போடு. இதைப் பழக அவர் இடைவிடாமல் வாந்தியெடுக்கும் பொம்மை ஒன்றைச் செய்தார். பயிற்சி அறைகளில் முதல் நாள் சிரிக்காதவர் கிடையாது. இரண்டாவது முயற்சியில் சிரிப்பு நின்றுவிடும்.

இத்தனை கருவிகளில் மிக அதிகம் உயிர் காத்தது எது என்று கேட்டால், தொண்டைக்குள் நுழையாத ஒன்றைத்தான் சொல்வேன். 1859இல், டார்வினின் நூல் அச்சேறிய அதே ஆண்டில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டின்டல் வாயுக்கள் வெப்பக் கதிர்களை விழுங்குவதை அளக்கத் தொடங்கினார். ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் அந்தக் கதிர்களைக் கிட்டத்தட்ட விட்டுவிட, கரியமில வாயு விழுங்கியது.  அகச்சிவப்பில் 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளத்தைக் கரியமில வாயு வலுவாக உறிஞ்சும். ட்யூபின் வெளிமுனையில் விரல்முனை அளவு உணரி ஒன்றை மாட்டி அந்த அலைநீளத்தில் ஒளி பாய்ச்சினால், வெளிவரும் காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று நொடிக்கு நொடி தெரிந்துவிடும். நுரையீரலிலிருந்து வரும் மூச்சில் அது இருக்கும். வயிற்றிலிருந்து வரும் காற்றில் நீடித்து இருக்காது. கேப்னோகிராஃப் என்ற இந்தக் கருவியின் திரையில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு எழும்: செங்குத்தாக ஏறி, தட்டையாக ஓடி, செங்குத்தாக இறங்கும். நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போது மேடு குட்டையாக இருக்கும், ஆனாலும் இருக்கும். கோடு படுத்தே கிடந்தால் ட்யூப் தவறான இடத்தில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். விவாதமே கிடையாது.

அதே ஒர்லாண்டோவில் 2005இல் மறுபடி பார்த்தார்கள். வழிநெடுக கேப்னோகிராஃபைப் பார்த்துக்கொண்டு வந்த 93 பேரில் கண்டுகொள்ளப்படாமல் போன தவறான ட்யூப் ஒன்றுகூட இல்லை. அது இல்லாமல் வந்த 60 பேரில் 23.3 விழுக்காடு. இன்னொரு லாபமும் உண்டு. நின்ற இதயம் திரும்பத் துடிக்கத் தொடங்கினால், தேங்கிக் கிடந்த கரியமில வாயு ஒரே பாய்ச்சலில் நுரையீரலுக்கு வரும். திரையில் மேடு சட்டென்று உயரும். நாடி பிடிப்பதற்கு முன்பே பாராமெடிக்குக்குச் செய்தி வந்துவிடும்.

ட்யூபின் காலம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. தீ விபத்தில் சூடான புகையை இழுத்தவரின் தொண்டை மணிக்கணக்கில் வீங்கிக்கொண்டே போகும். வாசலில் உட்காரும் கருவிக்கு அங்கே வேலை இல்லை, வாசலே அடைபடுகிறது. தலையில் அடிபட்டவர் விஷயம் இன்னும் நுட்பமானது. அவருக்கு மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் ட்யூப் போட முடியும். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் பாராமெடிக்குகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. இறந்தவர்கள் 33 விழுக்காடு. ஒப்பிடப்பட்ட, அதேபோல் அடிபட்ட பழைய நோயாளிகளில் 24.2. பின்னர் அலசியபோது ட்யூப் போட்ட பிறகு பதற்றத்தில் பையை வேகவேகமாக அழுத்தியது ஒரு காரணமாகத் தெரிந்தது. அப்படி அழுத்தினால் ரத்தத்தில் கரியமில வாயு இறங்கும், இறங்கினால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே அடிபட்ட மூளை இன்னும் பட்டினி கிடக்கும். அதே சிகிச்சையை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், நீண்ட பயிற்சி பெற்ற தீவிர சிகிச்சைப் பாராமெடிக்குகள் 312 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு நன்றாக இருந்தவர்கள் சம்பவ இடத்திலேயே ட்யூப் போட்ட அணியில் 51 விழுக்காடு, ஆஸ்பத்திரிக்கு வந்தபின் போட்ட அணியில் 39. 2010இல் வெளியான அந்த எண்களில் புள்ளியியல் உறுதி மயிரிழைதான். ஆனாலும் சான் டியேகோவுக்கு நேர் எதிர்த் திசை.

ஐரோப்பிய உயிர்மீட்பு அவையின் 2021 வழிகாட்டி இதையெல்லாம் கூட்டிக் கழித்து, இதயம் நின்றவருக்கு ட்யூப் போடும் உரிமையை ஒரு நிபந்தனையோடு கட்டியிருக்கிறது: போடுபவரின் வெற்றி இரண்டு முயற்சிக்குள் 95 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும், அதற்காக நெஞ்சழுத்தலை ஐந்து விநாடிக்கு மேல் நிறுத்தக் கூடாது. வருடத்துக்கு ஒரு ட்யூப் போடுபவர் இந்த எண்ணை எட்டுவது எப்படி? இங்கே ஒரு சிக்கல் முடிச்சாக விழுகிறது. ஐ-ஜெல் பெருகப் பெருக ட்யூப் போடும் வாய்ப்பு குறையும், வாய்ப்பு குறையக் குறையக் கை மறக்கும், தீக்காயத் தொண்டையோடு ஒருவர் வரும் நாளில் அந்தக் கைதான் வேண்டியிருக்கும். பிரிட்டனில் சில ஆம்புலன்ஸ் சேவைகள் சாதாரணப் பாராமெடிக்குகளின் பையிலிருந்து ட்யூபை எடுத்தேவிட்டன. முதலில் வருபவர்கள் ஐ-ஜெல்லை வைத்து, கேப்னோகிராஃபை மாட்டி, நெஞ்சழுத்தலைத் தொடர்கிறார்கள். ட்யூப் தேவைப்படும் ஆள் என்று தெரிந்தால், மாதம் முழுக்க அதையே பழகும் ஒரு சிறு குழுவுக்குத் தகவல் போகிறது. வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் பூஜியும் மயக்க மருந்தும் அவர்களோடு தனி வண்டியிலோ ஹெலிகாப்டரிலோ வருகின்றன.